120 மணி நேரம்: சேலத்து நர்சிங் மாணவர்களுக்கு எதை முதலில் கற்றுக்கொடுப்பது?

நான் சேலத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் பொது வார்டிலும் லேபர் ரூமிலும் டியூட்டி பார்த்தவள். வரும் கல்வியாண்டில் எங்கள் பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பாடத்திட்டத்தைத் தாண்டிய கூடுதல் பயிற்சி ஒன்றைத் தொடங்கவிருக்கிறோம். சனிக்கிழமைப் பிற்பகல்களில் வாரத்துக்கு 3 மணி நேரம், 40 வாரங்கள், மொத்தம் 120 மணி நேரம். இந்த நேரத்தை எந்தத் திறனுக்குச் செலவிடுவது என்பதற்கு ஆசிரியர் கூட்டத்தில் நான்கு யோசனைகள் வந்தன: தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி, வெளிநாட்டுத் தேர்வுகளுக்கும் மொழிக்குமான பயிற்சி, கணினி மற்றும் தொலைமருத்துவப் பயிற்சி, நோயாளியைத் தனியாகப் பார்த்து மதிப்பிட்டு முடிவெடுக்கும் பயிற்சி. நான்கையும் ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்கள். இதே கேள்வி வேறு கல்லூரிகளிலும், பிள்ளைகளை நர்சிங் சேர்த்துவிட்ட வீடுகளிலும் இருக்கிறது என்பதால் அதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

யாருக்காக இந்த முடிவு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வகுப்பில் இளம்பிள்ளை ஊர் நெசவாளர் வீட்டுப் பெண் இருக்கிறாள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவரின் மகன் இருக்கிறான். லாரி ஓட்டுநர்களின் பிள்ளைகள் பலர். ஏற்காட்டுக்கு அப்பால் சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து காப்பித் தோட்டக் கூலிக் குடும்பத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர். பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். கல்விக் கடன் வாங்காதவர்கள் குறைவு. படித்து முடித்ததும் சிலர் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளுக்குப் போவார்கள், சிலர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி அரசுப் பணிக்குப் போவார்கள், சிலர் வெளிநாடு போவார்கள். எவர் எங்கே போவார் என்பது இன்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆகவே மூன்று கேள்விகளை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இந்தத் திறனை நாங்கள் கற்றுக்கொடுக்காவிட்டால் பிற்பாடு யாராவது கற்றுக்கொடுப்பார்களா? இது இல்லாததால் நோயாளிக்கு என்ன நேரும்? வேலை செய்யும் இடம் மாறினாலும் இது கூடவே வருமா?

முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவுப் பயிற்சி. மாணவர்கள் அதிகம் ஆசைப்படுவது இதற்குத்தான். வென்டிலேட்டரின் முறைகள், சிரிஞ்சுப் பம்பு, ரத்தக்குழாய்க்குள் நேரடியாக அளக்கும் பி.பி., ரத்த வாயுப் பரிசோதனையைப் படிப்பது என்று அதில் கற்க நிறைய இருக்கிறது. சேலத்தில் தனியார் மருத்துவமனைகள் பெருகியிருக்கின்றன, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தருமபுரி, நாமக்கல் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள், ஐ.சி.யூ. பழகிய நர்ஸுக்கு வேலை உடனே கிடைக்கிறது, பொது வார்டைவிடச் சம்பளமும் சற்றுக் கூடுதல். மேற்படிப்புக்கும் வழி இருக்கிறது; தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது.

ஆனால் என் முதல் கேள்வியை இதன் முன் வைத்தால் விடை தெளிவாகவே வருகிறது. எந்த மருத்துவமனை வென்டிலேட்டர் வாங்குகிறதோ அந்த மருத்துவமனை தன் நர்ஸுக்கு அதைக் கற்றுக்கொடுத்தே தீரும். ஒவ்வொரு கம்பெனி இயந்திரத்துக்கும் பொத்தான் வேறு, திரை வேறு, அலாரம் வேறு. இங்கே ஒரு பழைய மாடலில் நாற்பது மணி நேரம் பழகியவர், போகும் இடத்தில் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்குவார். மேலும் இயந்திரத்தைப் பயிற்சிக் கூடத்துக்கு வாங்கிப் போடும் செலவு கடைசியில் கட்டணமாக மாணவர் தலையில்தான் விழும். ஐ.சி.யூ.வில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த நர்ஸுகள், அலாரம் அடித்ததும் திரையைப் பார்ப்பதற்கு முன் நோயாளியின் முகத்தையும் நெஞ்சையும் பார்ப்பவர்கள். அந்தப் பழக்கத்தைப் பழகிக்கொள்ள வென்டிலேட்டர் தேவையில்லை.

அடுத்தது வெளிநாட்டுத் தேர்வுப் பயிற்சி. இதைப் பேசும்போது ஆசிரியர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். நாட்டுக்குச் சேவை செய்யாமல் ஓடுகிறார்கள் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தனியார் மருத்துவமனையின் தொடக்கச் சம்பளத்தில் விடுதி வாடகையும் கடன் தவணையும் போக மிஞ்சுவதைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் தம்பியின் படிப்பையும் பார்க்க வேண்டிய பெண்ணிடம் சேவையைப் பற்றிப் பேச எனக்கு நா எழாது. இந்த யோசனைக்கு எடை இருக்கிறது, அதை முழுதாகக் கொடுத்தே ஒப்பிட வேண்டும்.

பிரிட்டனில் பதிவு பெற ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றுக்கும் 7 வேண்டும்; அல்லது மருத்துவப் பணியாளர்களுக்கான ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வை எழுதலாம். ஜெர்மனியில் செவிலியர் உரிமத்துக்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை கேட்கிறார்கள். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு, வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வு. வழிகள் இத்தனை இருப்பதே இங்கே சிக்கல். அறுபது பேர் வகுப்பில் பத்துப் பேர் ஜெர்மனியையும் பதினைந்து பேர் வளைகுடாவையும் நினைத்திருக்க, மற்றவர்கள் எதையுமே முடிவு செய்யாதிருக்க, 120 மணி நேரத்தை எந்த மொழிக்குக் கொடுப்பது? ஜெர்மன் பி2 நிலைக்கு இதுபோல் நான்கைந்து மடங்கு நேரம் வேண்டும். இதற்கென்றே பயிற்சி மையங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பணம் கேட்பார்கள் என்பது உண்மை, ஆனாலும் தேவைப்படுகிறவர் தேவைப்படும் நேரத்தில் போய்ச் சேர இடம் உண்டு.

இதில் இன்னொரு செய்தி கவனிக்கத்தக்கது. என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் மாற்றியமைக்கப்பட்டபோது, ஒரு நோயாளியின் நிலை மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்பதைக் கொடுத்து, எது முக்கியமான அறிகுறி, அதற்கு என்ன பொருள், முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் கேள்விகளைச் சேர்த்தார்கள். பிரிட்டனின் செய்முறைத் தேர்வும் நோயாளியை மதிப்பிடுவதில்தான் தொடங்குகிறது. திட்டமிடல், செயல்படுத்தல், விளைவைப் பார்த்தல் எல்லாம் அதற்குப் பிறகுதான். மனப்பாடமாகப் படித்து ஒப்பிக்கிற நம் பிள்ளைகள் அங்கே தடுமாறுவது ஆங்கிலத்தால் மட்டுமன்று. நோயாளியின் அருகில் நின்று தாமாக ஒரு முடிவுக்கு வந்து பழகாததும் ஒரு காரணம். ஆக, வெளிநாடு போக விரும்பும் மாணவிக்கும் நான்காவது யோசனை பயன்படாமல் போகாது.

கணினிப் பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் பிக்மி தளம், மருத்துவமனையின் பில்லிங் மற்றும் கேஸ் ஷீட் மென்பொருள், இ-சஞ்சீவனி வழியாக மருத்துவரைக் காணொளியில் அழைப்பது இவையெல்லாம் அவசியமே. ஆனால் ரீல்ஸ் எடுத்து எடிட் செய்து போடத் தெரிந்த இருபது வயதுப் பிள்ளைக்கு இதை வேலையில் சேர்ந்த இரண்டு வாரத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுத்துவிடுவார். தொலைமருத்துவத்தில் கடினமான பகுதி, திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவருக்காக இந்தப் பக்கம் நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது. அதுவும் நான்காவது யோசனைக்குள் வந்துவிடுகிறது.

இனி அந்த நான்காவது. இதற்கு நல்ல பெயர் இல்லை என்பதே இதன் குறை. 'நோயாளி மதிப்பீடு' என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மாணவர்கள் அதைப் பத்து மதிப்பெண் கேள்வியாக அறிவார்கள். நான் சொல்வது இதை: மூச்சை எண்ணுவது, நாடியைப் பிடிப்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்று அளப்பது, நோயாளி தன் சொந்தத் தமிழில் சொல்வதைப் புரிந்துகொள்வது, இவற்றிலிருந்து "இவருக்கு நிலை மோசமாகிக்கொண்டிருக்கிறது" என்ற முடிவுக்கு வருவது, அந்த முடிவை மேலே இருப்பவரிடம் தயங்காமல் தெளிவாகச் சொல்வது, மருத்துவர் வரும்வரை தனக்கு அனுமதிக்கப்பட்ட முதல் சிகிச்சையைத் தொடங்குவது.

இது இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் இரவு டியூட்டி. 22 படுக்கைகள், நானும் ஒரு உதவியாளரும். இரவு 2 மணிச் சுற்றில் எல்லோருக்கும் மூச்சு 20 என்று எழுதினேன். யாருக்கும் எண்ணவில்லை. எனக்கு முந்தைய ஷிப்டில் இருந்தவரும் 20 என்றே எழுதியிருந்தார், அதற்கு முந்தையவரும் அப்படியே. ஒன்பதாம் படுக்கையில் குடல்வால் அறுவை முடிந்து மூன்றாம் நாளில் இருந்த இளைஞருக்கு அந்த நேரத்தில் பி.பி. 110/70, நாடி 104, காய்ச்சல் 100 டிகிரி, ஆக்ஸிஜன் அளவு 97. நான்கையும் ஒழுங்காகப் பார்த்தேன். நான்கும் என்னைப் பயமுறுத்தவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் உளற ஆரம்பித்த பிறகுதான் அவர் நெஞ்சின் மேல் கையை வைத்து எண்ணினேன். 34. பி.பி. 80க்கு இறங்கியிருந்தது. வயிற்றுக்குள் சீழ் கட்டி ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. ஆறு நாள் ஐ.சி.யூ.வில் இருந்து பிழைத்துப் போனார். அவருடைய அம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றியை என்னால் இன்று வரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்போது நான் மாணவர்களுக்கு அந்த இரவின் எண்களையே கணக்காகக் கொடுக்கிறேன். லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் (ஒவ்வோர் அளவும் இயல்பிலிருந்து விலக விலக மதிப்பெண் கூடும்), அவருடைய பி.பி.க்கு 1, நாடிக்கு 1, காய்ச்சலுக்கும் ஆக்ஸிஜனுக்கும் 0. மூச்சு 20 என்றால் அதற்கும் 0. மொத்தம் 2, கவலையில்லை. மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அந்த ஒன்றுக்கே 3. மொத்தம் 5, மருத்துவரை உடனே அழைக்க வேண்டிய எல்லை. இரண்டு மணிக்கு அவருடைய உண்மையான மூச்சு எவ்வளவு என்பதற்குப் பதிவு இல்லை, ஏனென்றால் நான் எண்ணவில்லை. ஒரு நிமிடம் முழுதாக எண்ணியிருந்தால் மூன்று மணி நேரம் கிடைத்திருக்கும். அதற்கு இயந்திரம் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், வாட்ச் போதும்.

மலைக்குப் போனால் இந்தத் திறனின் எடை இன்னும் கூடுகிறது. ஏற்காடு சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள், 1,500 மீட்டர் உயரம், மாலையானால் கண்ணை மறைக்கும் மூடுபனி. ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பகுதியிலிருந்து உள்ளே இருக்கும் ஊர்களுக்குப் பஸ் சில வேளைதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, கீழே அனுப்பிவிடலாம் என்ற யோசனையே அங்கிருந்தவர்களுக்கு இல்லாமல் போனது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால் மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாட்டின் விதிமுறை. ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்குப் பதில் 20,000 பேருக்கு ஒன்று. ஆட்களின் எண்ணிக்கை குறைவு என்றாலும் இரவில் அங்கே இருப்பது ஒரே ஒரு நர்ஸ். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க முடிந்ததே, ஷிப்டுக்கு ஒருவராக மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை வைத்ததால்தான். 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. அந்த வித்தியாசத்தில் இரவில் தனியாக விழித்திருந்த நர்ஸ்களின் கையும் இருக்கிறது.

பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கை எடுத்துக்கொள்வோம். 500 மில்லி லிட்டரைத் தாண்டினால் ஆபத்து என்பது எந்த மாணவிக்கும் மனப்பாடம். போன வருடம் பயிற்சிக் கூடத்தில் ஒரு சோதனை செய்தேன். அளவுக் குடுவையில் 500 மில்லி சிவப்புச் சாயத் தண்ணீரை எடுத்து, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பழைய நூல் புடவையிலும் இரண்டு பஞ்சுப் பட்டைகளிலும் ஊற்றி, கொஞ்சத்தை ரப்பர் விரிப்பில் வழிய விட்டேன். பிறகு வகுப்பை உள்ளே அழைத்து எவ்வளவு என்று கேட்டேன். பெரும்பாலோர் 200 என்றார்கள். ஒருத்தி 150 என்றாள். 400ஐத் தாண்டிச் சொன்னது ஒரே ஒரு பையன். துணி உறிஞ்சிய ரத்தம் கண்ணுக்குப் பாதியாகத்தான் தெரியும். அளவுக் குடுவையைக் காட்டியபோது அந்த அறையில் யாரும் பேசவில்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு இதைத்தான் பெரிய அளவில் காட்டியது: கண்மதிப்பை விட்டுவிட்டு, அளவுக்கோடு போட்ட விரிப்பில் ரத்தத்தை அளந்து, எல்லையைத் தாண்டியதும் கர்ப்பப்பையை நீவிவிடுதல், அதைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடாசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், டிரிப், பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் சேர்த்தே செய்தபோது, கடும் ரத்தப்போக்கும் அதனால் வரும் கொடிய விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. அந்த விரிப்பு விலையுயர்ந்த கருவி அன்று. நம்மைப் போன்ற நாடுகளின் லேபர் ரூம்களில், மருத்துவச்சிகளும் நர்ஸ்களும் தாமே அளந்து தாமே தொடங்கியதால் கிடைத்த பலன் அது.

நெஞ்சுவலி இன்னொன்று. இங்கே மொழியும் சேர்ந்துகொள்கிறது. மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி சொன்ன நிகழ்ச்சி இது. மிளகு பறிக்கும் வேலைக்குப் போன ஐம்பது வயதுக்காரர், சாயங்காலம் மகனின் பைக்கில் வந்து இறங்கியிருக்கிறார். "என்னங்கய்யா பண்ணுது?" என்று கேட்டதற்கு, "வாய்வு புடிச்சிக்கிச்சுங்க சிஸ்டர். சோடா குடிச்சேன், கேக்கல. ஒரு ஊசி போட்டு உட்டீங்கன்னா போயிடுவேன்" என்று பதில். கையை நெஞ்சின் நடுவில் விரித்து வைத்தபடியே சொல்லியிருக்கிறார். முன்நெற்றியில் வேர்வை, மலையில் அந்த நேரத்துக்குக் குளிர். அவள் ஊசி போட்டு அனுப்பவில்லை. இ.சி.ஜி. எடுத்துப் படத்தை மருத்துவருக்கு அனுப்பிவிட்டு, போனிலும் பேசியிருக்கிறாள். அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி நிலையத்திலேயே வைத்திருந்த ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை மருத்துவர் சொன்னவுடன் கொடுத்து, 108ஐ வரவழைத்துக் கீழே அனுப்பியிருக்கிறாள். மாரடைப்புதான். அவர் திரும்பி வந்து இப்போது தோட்டத்தில் இலகுவான வேலை பார்க்கிறாராம்.

'வாய்வு' என்ற அந்த ஒரு சொல்லை எத்தனை பேர் வயிற்று உபாதையாகவே எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் எழுதுகிறவர்கள். நோயாளியோ படபடப்பு என்கிறார், கிறுகிறுப்பு என்கிறார், நெஞ்சு அடைக்குது, நெஞ்சு கரிக்குது, மேல் மூச்சு வாங்குது, உடம்பு ஓய்ஞ்சு வருது என்கிறார். ஒவ்வொன்றும் வேறு. கரிக்குது என்பதும் அடைக்குது என்பதும் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும். நோயாளிக்கு அவை இரண்டு தனி நோய்கள். சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மக்கள், பெயர் அப்படி இருந்தாலும், பேசுவது தமிழ்தான். ஆனால் நகரத்துப் பெண் அவசரமாகக் கேட்கும் கேள்விக்கு அவர்கள் பெரும்பாலும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். இங்கே இன்னும் ஒரு தேவை வளர்ந்துகொண்டிருக்கிறது: சேலத்துப் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் பெருகியிருக்கிறார்கள். வலி எங்கே, எப்போதிலிருந்து, வாந்தி உண்டா என்ற அளவுக்காவது இந்தியில் நாற்பது வாக்கியங்கள் தெரிந்த நர்ஸ் இரவு டியூட்டியில் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

இந்த நான்காவது திறனுக்கு என் முதல் கேள்வியைக் கேட்டால் விடை 'இல்லை' என்றே வருகிறது. இதைப் பிற்பாடு யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பதில்லை. ஆள் குறைவான வார்டில் மூத்த சிஸ்டருக்கு அதற்கு நேரமில்லை. மூச்சு 20 என்று எழுதும் பழக்கம்தான் மூத்தவரிடமிருந்து இளையவருக்குப் போய்ச் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட செவிலியர் அறிக்கை, உலகில் 59 லட்சம் செவிலியர் குறைவு என்றும், அந்தக் குறைவில் 89 விழுக்காடு ஏழை மற்றும் கீழ்நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறது என்றும் சொன்னது. அதன் பொருளை வார்டில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்: நம் மாணவர்கள் பட்டம் பெற்ற மறுமாதமே, கூடவே நின்று கவனிக்க ஆள் இல்லாத இடத்தில் வேலை செய்யப்போகிறார்கள்.

எதிர்ப்பாக இரண்டு வாதங்கள் கூட்டத்தில் எழுந்தன. 2021இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்திலேயே உடல்நல மதிப்பீடும் அவசரகாலப் பயிற்சிகளும் இருக்கின்றன, எட்டாம் பருவம் முழுவதும் இன்டர்ன்ஷிப்தானே, மறுபடியும் ஏன் என்பது ஒன்று. இருப்பது உண்மை. ஆனால் இன்டர்ன்ஷிப்பில் மாணவி ரத்தம் எடுக்கவும் படுக்கை மாற்றவும் ஸ்கேனுக்கு அழைத்துப் போகவும் ஓடிக்கொண்டிருக்கிறாள், "இவருக்கு என்ன ஆகிறது என்று நீ நினைக்கிறாய்?" என்று அவளை யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு விடை தேடும் பழக்கம் வராது. நர்ஸ் மருத்துவரின் வேலையைச் செய்யத் துணிந்துவிடுவாளே என்பது இன்னொரு வாதம். என் அனுபவத்தில் நடப்பது நேர்மாறானது. தானாகப் பார்க்கத் தெரியாதவள்தான் கேட்ட மருந்தைக் கேட்டபடி கொடுக்கிறாள். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் போடும்போது முழங்கால் அனிச்சையையும் மூச்சையும் சிறுநீர் அளவையும் பார்த்துவிட்டே அடுத்த ஊசி என்பதும், மூச்சு குறைந்தால் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் என்பதும் விதிமுறை. அதைப் பார்க்கும் கண் நர்ஸுக்கு இருக்க வேண்டும் என்று மருத்துவரே எதிர்பார்க்கிறார்.

இதில் எனக்குள்ள ஒரே தயக்கம், இந்தத் திறனுக்குச் சான்றிதழ் இல்லை என்பதுதான். ஐ.சி.யூ. பயிற்சி என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வேலைக்கு எடுப்பவர் படிப்பார். மூச்சை ஒழுங்காக எண்ணுவாள் என்று எழுதினால் யார் படிப்பார்? கடன் சுமையுள்ள மாணவிக்கு இது சிறிய குறை அன்று. அதனால் ஐ.சி.யூ.வை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை.

என் பரிந்துரை இது. 25 வாரங்கள், அதாவது 75 மணி நேரம், மதிப்பீட்டுக்கும் முதல் ஒரு மணி நேரச் செயலுக்கும்: மூச்சு எண்ணுதல், முன்னெச்சரிக்கை மதிப்பெண், ரத்த இழப்பை அளத்தல், பிறந்த குழந்தை அழாவிட்டால் முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக் பிடித்தல், பாம்புக்கடிக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை, நெஞ்சுவலி, வலிப்பு. இதில் நான்கு சனிக்கிழமைகள் மலையில். எங்களுக்கு அனுமதி தரும் நிலையங்களுக்கு இரண்டு பேர் இரண்டு பேராக. 10 வாரங்கள், 30 மணி நேரம், பேச்சுக்கும் எழுத்துக்கும்: நோயாளியின் தமிழைக் கேட்டு எழுதுதல், இரவு 2 மணிக்கு மருத்துவரைப் போனில் எழுப்பி 'யார், என்ன நடந்தது, நான் பார்த்தது என்ன, எனக்கு உங்களிடம் என்ன வேண்டும்' என்ற நான்கையும் ஒரு நிமிடத்துக்குள் சொல்லுதல், அதையே ஆங்கிலத்தில் எழுதுதல், அடிப்படை இந்தி. மீதி 5 வாரங்கள், 15 மணி நேரம், ஐ.சி.யூ.வுக்கு, அதுவும் ஒரு மருத்துவமனையின் பிரிவிலேயே, இயந்திரம் வாங்காமல். வெளிநாட்டுத் தேர்வுக்குத் தனி நேரம் இல்லை; எந்த நாட்டுக்கு என்ன தேர்வு, எவ்வளவு செலவு, எந்த முகவரை நம்பக்கூடாது என்று ஒருநாள் மாலை, பெற்றோரையும் அழைத்து வைத்துப் பேசினால் போதும். கணினிக்கு நேரம் வேண்டாம்.

கூட்டத்தில் இதை ஏற்றுக்கொண்டால், முதல் சனிக்கிழமை வகுப்பை நானே எடுக்கிறேன். மாணவர்கள் கைபேசியை வெளியே வைத்துவிட்டு, விநாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பக்கத்தில் இருப்பவரின் மூச்சை ஒரு முழு நிமிடம், அவருக்குத் தெரியாமல், நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். யாராவது 20 என்று சொன்னால், மறுபடியும் எண்ணச் சொல்வேன்.